வால் கடை வாசலில் அவிழ்த்த நாய்

பிப்ரவரி 3

சம்பந்தி அம்மாளுக்கு,

தொலைபேசியில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் தாங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்து முடிப்பதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடுகிறது. ஆகவே எழுத்தில் தருகிறேன். முப்பது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன் நான். என் எழுத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

என் மகனும் தங்கள் மகளும் வேலைக்காக வெளிநாடு போனபோது, அவர்கள் வளர்த்த நாயைத் தங்களிடம் விட்டுப் போனார்கள். என் வீட்டில் மூன்று அறைகளும் ஒரு தோட்டமும் சும்மா கிடக்க, தங்களுடைய ஒற்றை அறையில் ஏன் விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை.

என்னோடு வேலை பார்த்த தட்டச்சர் போன வாரம் தங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். அங்கே மூடிக் கிடக்கும் ஓர் அச்சகத்தின் வாசலில், நாய்களுக்கும் பூனைகளுக்கும் இலவசத் தீனி தருகிறார்களாம். அந்த வரிசையில் தாங்கள் என் மகனுடைய நாயோடு நின்றீர்களாம். "உங்க சம்பந்தி அம்மாவைப் பார்த்தேன் சார், நல்லா இருக்காங்க, வரிசையில முன்னாடியே இடம் பிடிச்சிட்டாங்க" என்று அவர் சொன்னபோது அறையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள்.

எங்கள் வீட்டு நாய் இரந்து உண்ண வேண்டிய நிலையில் இல்லை. மேற்படி நாயை இந்த மாதத்துக்குள் என்னிடம் ஒப்படைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகனின் தகப்பன்


பிப்ரவரி 8

கோர்ட்டார் சம்பந்திக்கு,

நான்கு பேர்தான் இருந்தார்களா? அடடா, நாற்பது பேர் இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா அந்தத் தட்டச்சர். என்னைப் பார்த்தவர் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம். நான் அவருக்கும் வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

எனக்குப் படிப்பு ஐந்தோடு நின்றது. பிழை இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புங்கள், உங்களுக்கும் பொழுது போகும்.

விஷயம் இதுதான். நான் விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். விடுதியில் பாதி அறைகளை மூடிவிட்டார்கள். அதனால் எனக்கும் பாதி வேலை, பாதிச் சம்பளம். நான் பாதி வயிற்றோடு படுத்துவிடுவேன். உங்கள் மகனுடைய நாய் ரஸ்க் படுக்கமாட்டான். பாதி வயிறு என்றால் என்ன என்று உட்காரவைத்துச் சொன்னேன். கொட்டாவி விட்டான். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர்களே அங்கே ஒரு அறையில் இன்னும் இரண்டு பேரோடு கிடக்கிறார்கள்.

அந்த இடத்துக்குப் பலகையில் ஏதோ நீளமான பேர் எழுதியிருக்கிறது. நாங்கள் வால் கடை என்போம். வால் இருக்கிறவருக்குத்தான் அங்கே சரக்கு. வசதி உள்ளவர்கள் தீனிப் பைகளைக் கொண்டுவந்து போடுகிறார்கள், புதன்கிழமை தோறும் கதவு திறக்கும். ஜீவனைக் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும். நாய்களை வெளியே கம்பியில் கட்டிவிட வேண்டும், உள்ளே பூனைகள் இருக்குமே. மேசையில் இருக்கிற அம்மா உங்கள் பேரைக் கேட்கமாட்டாள். ஊர், வேலை, வருமானம் ஒன்றும் கேட்கமாட்டாள். "வாலோட பேரு?" அவ்வளவுதான். என் முன்னால் போன வாரம் நின்றவர் லாரி ஓட்டுகிறவர், காலில் மாவுக்கட்டு, கூடையில் மூன்று பூனை. எனக்குப் பின்னால் ஒரு டீச்சர், முயலோடு. நாயைத் தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்க முடியாதவர்கள் நிற்கிற வரிசை அது. கையாலாகாதவர்கள் வரிசை இல்லை.

ரஸ்கைத் தரமாட்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது போல அழவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்ற பாவி


பிப்ரவரி 18

சம்பந்தி அம்மாளுக்கு,

தகவலுக்காக எழுதுகிறேன். இன்று காலை நேரில் வந்து நாயை மீட்டுக்கொண்டேன்.

தங்கள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா வால் கடைக்குப் போயிருக்காங்க" என்று கூச்சமே இல்லாமல் சொன்னாள். அங்கே போனேன். தங்களை வாசலில் காணோம். நாய் மட்டும் கம்பியில் கட்டியிருந்தது. பழுப்பு உடம்பு, வெள்ளைக் கால்கள், ஒருநாளும் மாறாத அதே பேந்தப் பேந்த முழி. ஒரு ரொட்டித் துண்டைக் காட்டியதும் வந்துவிட்டது. வரிசையில் நின்ற யாரோ "யாருங்க நீங்க?" என்று கேட்டார்கள். "இது என் மகனுடைய நாய்" என்றேன். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதிலிருந்தே அந்த இடத்தின் யோக்கியதை தெரிகிறது.

வாடகைக் காரின் பின்னிருக்கையில் ஒழுங்காக உட்கார்ந்து வந்தது. இனி இது குறித்துக் கடிதப் போக்குவரத்து தேவையில்லை.

இப்படிக்கு,
மருமகனின் தகப்பன்


பிப்ரவரி 19

அய்யா கோர்ட்டார் அவர்களே,

சிரித்து முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். பாதியில் கோபம் வந்துவிட்டது. இரண்டும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரஸ்க் என் காலடியில் படுத்துக் குறட்டை விடுகிறான்.

அவனுக்கு மற்ற நாய்களைக் கண்டால் பயம். அதனால் மேசைக்கார அம்மா இரக்கப்பட்டு அவனை மட்டும் உள்ளே விடுவாள். நீங்கள் அவிழ்த்துப் போனது மரக்கிடங்கு வாட்ச்மேனின் நாயை. பேர் சைரன். அந்த மனிதர் அப்போது உள்ளே எனக்கு முன்னால் நின்று தீனிப் பையை வாங்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்தார், கம்பியைப் பார்த்தார், கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். கத்தவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.  லாரிக்காரர்தான் சைகையில் சொன்னார், ஒருவர் வந்தார், சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார், அதனால் யாரும் தடுக்கவில்லை என்று.

சைகையில் ஏன் என்றால், அவருக்குக் காது கேட்காது. பக்கத்தில் இடி விழுந்தால் யாரோ கூப்பிட்டது போலத் திரும்புவார். அவருக்குக் காது அந்த நாய்தான். நாய் இருக்கிறது என்பதால்தான் கிடங்கு முதலாளி அவரை வேலையில் வைத்திருக்கிறார். நாய் இல்லை என்று தெரிந்தால் வேலை இல்லை. வேலை போனால் கேட்டுக்குப் பக்கத்தில் அவர் படுக்கிற தகர அறையும் இல்லை.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். உங்களுக்கு அவசரம் ஏது, மெதுவாகவே செய்திருக்கிறீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நாயைக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகனுடைய நாயை வைத்திருப்பவள்


பிப்ரவரி 25

சம்பந்தி அம்மாளுக்கு,

தங்கள் கற்பனைக்குப் பாராட்டு. காது கேளாத காவல்காரர், அவருக்குக் காதாக ஒரு நாய். நீதிமன்றத்தில் இதைவிடச் சிறந்த கதைகளைக் கேட்டு, அத்தனையையும் கையால் எழுதியிருக்கிறேன். நாயைத் திரும்பப் பறிக்கத் தாங்கள் போடும் நாடகம் என்னிடம் செல்லாது.

அதைவிட முக்கியமானது ஒன்று. தாங்கள் ஒரு நல்ல நாயைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள். என் மகனோடு இருந்தபோது அது சோபாவை விட்டு இறங்காது. இப்போது சோபாவைக் காட்டினால், ஏறினால் யார் அடிப்பார்களோ என்பது போல என்னைப் பார்க்கிறது. ராத்திரி வாசற்கதவை ஒட்டிக் குறுக்கே படுத்துவிடுகிறது. காலையில் நாளிதழ் எடுக்க நான் அதைத் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது. ரஸ்க் என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பேரை மாற்றிவிட்டீர்களா?

எல்லாவற்றையும்விட மோசமான பழக்கம் இது. வாசல் மணி அடித்தால் குரைப்பதில்லை. ஓடிவந்து என் கால்சட்டையைப் பல்லால் கவ்வி வாசல்வரை இழுக்கிறது. தபால்காரர் வந்தால் இழுக்கிறது. குக்கர் கூவினால் இழுக்கிறது. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால்கூட இழுக்கிறது. இரண்டு கால்சட்டைகள் கிழிந்துவிட்டன. என்னைச் செவிடன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதா? எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இதையெல்லாம் யார் பழக்கினார்கள்?

இப்படிக்கு,
மருமகனின் தகப்பன்


மார்ச் 4

கோர்ட்டார் அவர்களே,

உங்கள் கடிதத்தை வால் கடையில் சத்தம் போட்டு வாசித்தேன். டீச்சருடைய முயல்கூடச் சிரித்தது. "கால்சட்டையைக் கவ்வி இழுக்கிறது" என்று வந்ததும் லாரிக்காரர் மாவுக்கட்டைத் தரையில் தட்டினார். வாட்ச்மேன் அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நான் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தன் கால்சட்டையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒட்டுக்கு மேல் ஒட்டு.

யார் பழக்கினார்கள் என்று கேட்டீர்களே. அவர் பழக்கினார். செவிடனை எழுப்பக் குரைத்துப் பயனில்லை என்று அந்த நாயே கண்டுபிடித்த வழி என்றும் சொல்கிறார்கள். நீங்கள் மூன்று பக்கம் உட்கார்ந்து எழுதியும் கண்டுபிடிக்கவில்லை.

சரி, இனி கேட்டுக்கொள்ளுங்கள். முதலாளி கண்ணில் மண்ணைத் தூவ, சாயங்காலங்களில் ரஸ்கைக் கிடங்கில் கொண்டுபோய் விட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்பு நாய்தானே. அவன் வாட்ச்மேனின் நாற்காலியில் ஏறிப் படுத்தான், அவர் நின்றார். நேற்று ஒரு லாரி வந்து ஆரன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உங்கள் வீட்டுப் பிள்ளை இறங்கிப்போய் டிரைவருக்குக் கை கொடுத்தான். பின்னாடியே முதலாளி வந்து இறங்கினார்.

"நான் சம்பளம் குடுக்கிறது உனக்கில்லயா, அந்த நாயோட காதுக்கு. காது எங்கய்யா?" என்று கேட்டார். அண்ணனுக்கு அதுவும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்டது. அதை அவருக்குச் சைகையில் சொல்லவேண்டிய வேலையும் எனக்கே வந்தது. அந்த மாதிரி வேலையை நீங்கள் ஒருநாள் செய்து பாருங்கள்.

இரண்டு வாரத்தில் காது வரவில்லை என்றால் வேறு ஆள் வருவானாம்.

இப்படிக்கு,
நாடகக்காரி


மார்ச் 6

சம்பந்தி அம்மாளுக்கு,

மகனிடம் நாயின் படம் ஒன்று கேட்டு வாங்கினேன். "ஏம்ப்பா?" என்றான். சும்மா என்றேன். படத்தில் உள்ள நாய்க்கு நான்கு கால்களும் வெள்ளை. என் வீட்டில் உள்ள நாய்க்கு மூன்று கால்களே வெள்ளை. ஆகவே இது வேறு நாயாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு.

இத்தவறுக்குக் காரணம், அந்த இடத்தில் எந்த நாயின் கழுத்திலும் அடையாள வில்லை இல்லாததே. நிர்வாகத்தின் கவனக்குறைவு.

வரும் வெள்ளிக்கிழமை வாடகைக் கார் டிரைவர் மூலம் நாயை அனுப்பிவைக்கிறேன். அதே காரில் ரஸ்கை ஏற்றி அனுப்பவும். என் மகன் தன் நாயை என்னிடம் விடாததற்குத் தாங்கள் ஏதோ சொல்லிக் கெடுத்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இப்போது பேச விரும்பவில்லை.

இப்படிக்கு,
மருமகனின் தகப்பன்


மார்ச் 9

சம்பந்திக்கு,

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறீர்கள். நாயின் கழுத்தில் வில்லை இல்லையாம். உங்கள் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதை வைத்துப் பார்த்திருக்கலாமே.

டிரைவர் மூலம் அனுப்பவேண்டாம். வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தொண்டை பெரிது, தெருவே கேட்டது. "நாய வண்டில போட்டு அனுப்ப அது என்ன மூட்டையா? எல்லாரும் பாக்கத்தானே அவுத்தான்? எல்லாரும் பாக்க அவனே வந்து கட்டட்டும்!" "அண்ணே, வேலை போயிடும்ணே" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "போனா போவுது. திருடன் கையிலேர்ந்து வாங்குவேன், தூதுவன் கையிலேர்ந்து வாங்க மாட்டேன்." நானும் திட்டிப் பார்த்துவிட்டேன். கேட்காத காதில் திட்டி என்ன, வாழ்த்தி என்ன.

ஆகவே புதன்கிழமை நீங்களே வரவேண்டும். வரிசையில் நிற்கவேண்டும். கதவுக்கு உள்ளே போய் மேசையில் சொல்லிவிட்டு வந்து, அதே கம்பியில் கட்டவேண்டும். இது அவர் சொன்ன கணக்கு.

பிறகு, நான்தான் உங்கள் மகனைக் கெடுத்தேன் என்றீர்கள். நான் கெடுக்கவே வேண்டாம், நீங்கள் ஒருவரே போதும். நாய் சமையலறைக்கு வரக்கூடாது, நாய் முன்னறையில் படுக்கக்கூடாது, நாய் உணவு வேளையில் பார்க்கக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவர் நீங்கள். பார்க்கக்கூடாதாம்! ஊருக்குக் கிளம்புகிற அன்று என் மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, மாமா கிட்ட விட்டா ரஸ்க் நாயா இருக்காதும்மா, குமாஸ்தா ஆயிடும்." அதற்கு உங்கள் மகன் சிரித்தான். சிரித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ரஸ்க் வரமாட்டான்.

இப்படிக்கு,
மருமகளைப் பெற்ற பாவி


மார்ச் 12

அம்மாளுக்கு,

தங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டீர்கள். இருக்கட்டும்.

என் வாழ்நாளில் நான் கை நீட்டி வாங்கும் வரிசை எதிலும் நின்றதில்லை. வரிசையை ஒழுங்குபடுத்தும் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். இந்த வயதில் இடம் மாறி நிற்க மாட்டேன். அதுவும் என் கடிதத்தை உரக்க வாசித்துச் சிரித்தவர்கள் முன்னால்.

நாய் நாளை டிரைவருடன் வரும். வாங்கிக்கொள்வதும் கொள்ளாததும் அந்தக் காவல்காரர் பாடு. என் கடமை முடிந்தது.

இப்படிக்கு,
மருமகனின் தகப்பன்


மார்ச் 14

சம்பந்திக்கு,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு இல்லை. தேடாதீர்கள்.

நேற்று உங்கள் டிரைவர் வந்தார். கிடங்கு வாசலில் கார் நின்றது. கதவைத் திறப்பதற்குள் நாய் கண்ணாடியைப் பிராண்ட ஆரம்பித்துவிட்டது. அண்ணன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். நாயைப் பார்த்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திறக்கவில்லை. டிரைவர் கெஞ்சினார், நான் கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டிரைவர் எவ்வளவு நேரம்தான் நிற்பார். திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், உங்களுக்குத் தெரியும். கார் திரும்புகிறபோது அது போட்ட சத்தம் உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. நான்தான் கேட்டேன்.

புது ஆள் வியாழக்கிழமை வேலையில் சேருகிறான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணன் தன் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். எங்கே போவீர்கள் என்று கேட்டேன். கையை விரித்தார்.

முட்டாள்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவரிடம் இருந்தது ஒரு நாயும் ஒரு கௌரவமும். நாயை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இன்னொன்றையும் டிரைவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்கிறீர்கள். கௌரவம் என்பது உங்கள் வீட்டில் மட்டும் விளைகிற சரக்கு என்று நினைத்துவிட்டீர்கள்.

புதன்கிழமை வால் கடை திறக்கும். அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.


மார்ச் 19

கோர்ட்டார் சம்பந்திக்கு,

நேற்று நீங்கள் கம்பியில் நாயைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். அதனால் பிறகு நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில், நீங்கள் நின்ற அழகு. முன்னால் மூன்று பூனை, பின்னால் முயல். நடுவில் இஸ்திரி சட்டை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரும் உங்களுக்குத் தீனிப் பையைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தவர் போல. டீச்சர் "கொஞ்சம் நகருங்க சார், முயலுக்கு மூச்சு முட்டுது" என்றதும் நகர்ந்தீர்களே, அதைப் பார்த்ததற்கே நான் வந்தது போதும் என்று நினைத்தேன். மேசைக்கார அம்மா "வாலோட பேரு?" என்றபோது "சைரன்!" என்று கோர்ட்டில் சாட்சியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டீர்கள். வெளியே நாய் எழுந்து நின்றுவிட்டது.

ரஸ்க் உங்களைப் பார்த்ததும் என் காலுக்குப் பின்னால் போனான். அதைப் பற்றி ஒன்றும் எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள், நான் பார்க்காதது போல நடிப்பானேன். இனி அவனைக் கேட்டு எழுதாதீர்கள்.

வாட்ச்மேன் அண்ணன் நாயின் காதைப் புரட்டிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், விலாவைத் தடவிப் பார்த்தார்.  நீங்கள் தெருமுனையை நெருங்கியதும், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கச் சொன்னார். "நல்லா தின்ன வெச்சிருக்கான் திருடன்!" வரிசையே சிரித்தது. உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நீங்கள் நடையை எட்டிப் போட்டதை வைத்துச் சொல்கிறேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். காரை அவர் அணைப்பதற்குள் நாய் அண்ணனின் கால்சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. அதை முதலாளி பார்த்தார். புது ஆளை ஆற்றங்கரைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டாராம். அண்ணன் பாத்திரங்களை நிமிர்த்தி வைத்துவிட்டார்.

இது வரைக்கும் சுபம். இனிதான் சண்டை.

ராத்திரிக்குத் தீனி போட்டிருக்கிறார், நாய் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்திருக்கிறது. காலையிலும் அப்படியே. என்னைக் கூப்பிட்டார். எனக்கும் விளங்கவில்லை. கடைசியில் நான் நாலு உருண்டையைக் கையில் எடுத்து நீட்டினேன். லபக்கென்று தின்றது. தட்டில் போட்டேன், மறுபடியும் முகத்தைப் பார்த்தது. கையில் கொடுத்தால் தின்கிறது, தட்டில் இருந்தால் தொடமாட்டேன் என்கிறது.

கோர்ட்டாரே, என்ன வேலை செய்து வைத்திருக்கிறீர்கள்? உணவு வேளையில் நாய் பார்க்கவே கூடாது என்று எழுதி ஒட்டியவர், தரையில் உட்கார்ந்து ஒரு மாதம் ஊட்டியிருக்கிறீர்களா? இத்தனை கடிதத்தில் அதை மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லையே. வேறு யாரும் இல்லாத வீட்டில் யாருக்குப் பயந்து மறைத்தீர்கள்?

வாட்ச்மேன் அண்ணனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவருடைய வார்த்தை, நான் ஒன்றும் சேர்க்கவில்லை. "என் நாய மாப்பிள்ளை ஆக்கி அனுப்பியிருக்கான்! உருண்டை உருண்டையா ஊட்ட எனக்கென்ன வேலையில்லயா? எவன் கெடுத்தானோ அவன் வரட்டும். புதன்கிழமைக்குப் புதன்கிழமை வந்து, தட்டுல திங்கப் பழக்கிட்டுப் போவட்டும். அதுவரைக்கும் அவன விடமாட்டேன்னு எழுது தங்கச்சி."

எழுதிவிட்டேன். எனக்கு நீங்கள் வரவேண்டும் என்று ஆசை ஒன்றும் இல்லை. வந்தால் உங்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பேன் என்று வாக்கும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
வரிசையில் முன்னாடியே இடம் பிடிப்பவள்


மார்ச் 24

சம்பந்தி அம்மாளுக்கு,

புதன்கிழமை வருகிறேன்.

ஊட்டியது உண்மை. முதல் மூன்று நாள் அது எதையும் தின்னவில்லை, வேறு வழி தெரியவில்லை. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்கும் தெரியாது என்பதைக் காவல்காரரிடம் சைகையில் சொல்லிவிடவும்.

வரிசையில் தங்களுக்குப் பின்னால் நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
மருமகனின் தகப்பன்